வரியின் வால்

பிப்ரவரி 2, ஞாயிறு

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. சில எழுத்து மேலே ஏறியிருக்கும், சில எழுத்து கீழே இறங்கியிருக்கும். கோடு போட்ட தாள்தான். ஆனால் கோடு ஒரு பக்கம் போகிறது, என் கை ஒரு பக்கம் போகிறது. கட்டடங்களுக்குச் சாரம் கட்டிய விரல்கள் இவை. கழியும் கயிறும் பிடித்தே பழகிவிட்டன. பேனா இவற்றுக்கு ரொம்ப ஒல்லி. அழுத்திப் பிடித்தால் தாள் கிழிகிறது. லேசாகப் பிடித்தால் பேனா நழுவி ஓடுகிறது. இந்த ஒரு பத்திக்கே காலை டீ ஆறிப்போய்விட்டது.

இது நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். சொல்லப்போனால் நான் யாருக்குமே எழுதும் முதல் கடிதம். நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் நூலகத்தம்மா எங்கள் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். உண்மையான ஓர் ஆளுக்கு உண்மையான கடிதம் எழுத வேண்டும், அவரிடமிருந்து பதிலும் வாங்க வேண்டும். போனில் பேசியதைச் சேர்த்துக்கொள்ள மாட்டாராம். உன் வீட்டுக்காரனுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். அதை நான் எங்கே போய் வாசிப்பது? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இந்தத் தாளை நூலகத்தம்மா படம் எடுத்து உனக்கு அனுப்புவார். உன் பதிலை இணையத்தில் இருக்கிற எங்கள் வகுப்புப் பக்கத்தில், எனக்கு மட்டும் திறக்கிற இடத்தில் போட்டுவிடுவார். என் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்து நானே படித்துக்கொள்வேன். யாரும் எனக்குப் படித்துக் காட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இப்போது முக்கியமான செய்தி. வகுப்புப் பக்கத்தில் வரிகள் மாறிவிட்டன. முன்பு வரி எங்கே வேண்டுமானாலும் முடியும். "மழை வந்தால்" என்பது மேல் வரியில் இருக்கும், "வகுப்பு கிடையாது" என்பது பாதி அங்கே, பாதி கீழே கிடக்கும். நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கீழே இறங்குவதற்குள் மேலே என்ன படித்தேன் என்பது மறந்துவிடும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கால் வைக்கிற இடத்தில் சந்து இருப்பது போல. இப்போது நாம் எங்கே மூச்சு விடுவோமோ அங்கே வரி முடிகிறது. படித்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது.

"இது உங்க மருமகள் கூட்டம் செஞ்ச வேலை" என்று நூலகத்தம்மா சொன்னார். நான் வகுப்பில் எழுந்து நின்றுவிட்டேன். கூடப் படிக்கிற பால்காரம்மா என் முதுகில் தட்டினாள். விசில் (அடுத்த தெருக் குடியிருப்பில் காவல் வேலை, வாயில் எப்போதும் விசில்) நிஜமாகவே ஊதிவிட்டான். நூலகத்தில் ஊதலாமா? திட்டு வாங்கினான்.

இதற்குச் சோதனை என்று பெயர் சொன்னார் நூலகத்தம்மா. இவ்வளவு நன்றாக இருப்பதற்குச் சோதனை எதற்கு? எழுது.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் என் மேசை முன்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் இது என்ன மொழி என்று கேட்கிறார்கள். எங்கள் மாமா எழுதியது என்கிறேன். இந்த வாரத்தில் நான் பெருமையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

சோதனை எதற்கு என்று கேட்டீர்கள். போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறதே, அதற்குப் பெயர் பிரவுசர். எங்கள் கம்பெனி செய்வது அதை. பக்கங்களைச் செய்கிறவர்கள் வேறு ஆட்கள், உலகம் முழுக்க இருக்கிறார்கள். எழுத்து என்ன நிறம், எவ்வளவு பெரிது, வரி எங்கே முடிய வேண்டும் என்றெல்லாம் அவர்கள் எழுதி வைப்பார்கள். பிரவுசர் அதைப் பார்த்து அப்படியே காட்டும். நாங்கள் புதிதாக ஓர் அலங்கார வசதியைச் செய்தால், முதலில் அவர்கள் கையில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முன்பு ஒரு வழக்கம் இருந்தது. புதிய வசதியின் பெயருக்கு முன்னால் அவரவர் கம்பெனி அடையாளத்தை ஒட்டி வெளியே விடுவார்கள். இது பார்ப்பதற்கு மட்டும், இதை நம்பி எதையும் கட்டாதீர்கள் என்று அர்த்தம். யார் கேட்டார்கள்? எல்லோரும் அதை வைத்தே பக்கம் கட்டினார்கள். பிறகு அதை எடுத்தால் பல பக்கங்கள் கலைந்துபோகும் என்ற நிலை வந்துவிட்டது. போட்டிக் கம்பெனிக்காரர்கள்கூட எதிராளியின் அடையாளத்தைத் தங்கள் பிரவுசரில் சுமக்க வேண்டியதாயிற்று.

அதனால் இப்போது வேறு முறை. முதலில் அமைப்புகளுக்குள் ஒரு மூலையில் சுவிட்ச் வைத்து மறைத்திருப்போம், பக்கத்திலேயே எச்சரிக்கை. அடுத்து, பெயர் கொடுக்கிற பக்கங்களுக்கு மட்டும் ஒரு டோக்கன் கொடுப்போம். அது இருக்கிற பக்கத்தில் மட்டும் அந்த வசதி வேலை செய்யும், ஒரு தேதியில் டோக்கன் தானாகவே செத்துவிடும். உங்கள் வகுப்பு டோக்கனுக்கு மார்ச் மாதக் கடைசி நாள். அதற்குள் என்ன குறை என்று அவர்கள் எங்களுக்கு எழுத வேண்டும். பிறகு இரண்டில் ஒன்று. எல்லோருக்கும் நிரந்தரமாகக் கொடுப்போம், இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம்.

எங்களுக்கு அப்படிக் குறை எழுதுகிறவர்கள் யாரும் இல்லை மாமா. ஒருவர் "நன்று" என்று எழுதினார். இன்னொருவர் ஆசீர்வாதம் செய்தார். நன்று என்பதை வைத்து நான் என்ன செய்வது? என் மேலாளர், இதை யாரும் பயன்படுத்தவில்லை போலிருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார். பயன்படுத்துகிறவன் குறை சொல்வான், குறை வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். அவர் சொல்வதில் தவறு இல்லை. இந்த வரி விஷயத்துக்காகப் பல வருஷமாகக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து வாதாடி எனக்கு வாய் வலித்துவிட்டது.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். உங்கள் பையனிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. இந்த வேலையை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? யோசித்து எழுதுங்கள்.

வரிகளில் ஏதாவது குறை இருந்தாலும் எழுதுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 16, ஞாயிறு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் வைத்துப் படித்தேன். எல்லாம் புரிந்தது. அதிலும் சோதனை பற்றி நீ எழுதியது எனக்குப் புரிந்த மாதிரி இந்த வகுப்பில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது. ஏன் என்றால் என் பிழைப்பே அதுதானே. சாரம் என்பது நிற்பதற்கு இல்லை, பிரிப்பதற்கு.

ஒரு மாடி வீட்டுக்குச் சாரம் கட்டினோம். பூச்சு வேலை முடிகிற வரைக்கும்தான் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். முதல் வாரம் ஒரு துண்டு காயப்போட்டார். அடுத்த வாரம் போர்வை. பூச்சுக்காரன் தன் பங்குக்கு ஒரு ரேடியோவை மேலே தொங்கவிட்டான். பெயின்ட் அடிக்கிறவன் ஒரு பூந்தொட்டியையே கொண்டுவந்து வைத்துவிட்டான். பிரிக்கப் போன அன்று வீட்டுக்காரம்மா வெளியே வந்து, "நாளைக்குப் பிரிங்களேன், துணி இன்னும் காயல" என்றார். அந்த 'நாளை' வரவே இல்லை. மழைக்காலம் முடிந்துதான் என் கழி எனக்குத் திரும்பி வந்தது. நீ எழுதிய அந்தக் கம்பெனி அடையாளக் கதையைப் படித்தபோது அந்தப் போர்வைதான் ஞாபகத்துக்கு வந்தது. சிரித்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு என் பதில்: ரொம்ப சந்தோஷம் அம்மா. இந்த வேலையை நீ இவ்வளவு விரும்பிச் செய்கிறாய் என்று படித்தபோது மனசு நிறைந்தது. எங்கே அங்கே போய்க் கஷ்டப்படுகிறாயோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி அந்தக் கவலை இல்லை. அப்படியே மேலே மேலே செய்.

குறை என்று ஒன்றும் இல்லை. வகுப்பில் எல்லோரையும் கேட்டேன். பால்காரம்மா இல்லை என்றாள். விசில் சத்தமாகவே இல்லை என்றான். உன் மேலாளரிடம் எங்கள் எல்லோர் சார்பாகவும் சொல்லிவிடு. ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 21, வெள்ளி

மாமா,

ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை.

இந்த வேலையை விரும்பிச் செய்கிறேன் என்று நான் எழுதவே இல்லை. அதற்கு நேர் எதிராக எழுதியிருந்தேன். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்லி, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் சந்தோஷம், மேலே செய் என்கிறீர்கள். படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடிதத்தை நீங்களேதான் படித்தீர்களா மாமா? இல்லை, யாராவது படித்துச் சுருக்கமாகச் சொன்னார்களா? அப்படி இருந்தால் அதையாவது சொல்லிவிடுங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. என் தோழிகள் எல்லாம் அதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால், நான் என்ன சொன்னாலும் சந்தோஷம் என்றே பதில் வரும் போலிருக்கிறது. அதில் நான் எங்கே இருக்கிறேன்?

ஒரு குறையும் இல்லை என்று மேலாளரிடம் சொன்னேன். அப்படியானால் எடுப்பதற்கான குறிப்பைத் தயார் செய்யுங்கள் என்றார். அடுத்த மாதம் நடுவில் கூட்டம். நானே அந்தக் குறிப்பை எழுத வேண்டும். எழுதுவேன். அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை.

நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


மார்ச் 5, புதன்

அன்புள்ள மருமகளுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கை வலி காரணம் இல்லை. கோபம். யாராவது படித்துச் சொன்னார்களா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி எனக்கு முழுசாகத் தெரிந்தது. அதற்கு மட்டும் வால் போகவில்லை.

வால் என்றால் என்ன என்று இப்போது சொல்கிறேன். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். உனக்குத்தான் சொல்லவில்லை.

எழுத்தைப் பெரிதாக வைத்தால், நீளமான பேச்சு வருகிற இடத்தில், வரியின் வால் போனுக்கு வெளியே போய்விடுகிறது. மூச்சுக்கு நடுவில் வரி முறியக் கூடாது என்று நீங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது அப்படியே கேட்கிறது. இடம் போதாவிட்டாலும் முறிய மாட்டேன் என்று நேரே விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. விரலால் தள்ளிப் பார்த்தாலும் வராது. நூலகத்தம்மா பெரிய கணினியில் சின்ன எழுத்தில் பார்க்கிறார், அவருக்குத் தெரியாது. எங்களுக்குச் சின்ன எழுத்து ஆகாது. பெரிய எழுத்தில்தான் படிக்க முடியும், பெரிய எழுத்தில் வால் போகும்.

வந்த புதிதிலேயே பார்த்துவிட்டோம். நான் உனக்கு எழுதலாம் என்றேன். விசில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிராதீங்க. உங்க மருமகளுக்குத் திட்டு விழும். அப்புறம் இருக்கிறதையும் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க." எனக்கும் அது சரி என்று பட்டது. பாதிக்கு மேல் அழகாகத் தெரிகிறதே, மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். நீ குறை கேட்டு எழுதிய பிறகும் மறுபடி கூடிப் பேசி, இல்லை என்றே சொன்னோம்.

உன் கடிதத்தில் "இந்த வேலையை" என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. மிச்சம் வெளியே போய்விட்டது. நான் என்ன நிரப்பினேன் என்று உனக்குத் தெரியும். எனக்கு எது பிடிக்குமோ அதை நிரப்பிக்கொண்டேன். உன் இந்தக் கடிதம் வந்த பிறகு, எழுத்தைச் சின்னதாக்கி, தையல் கடையில் ஒரு பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி, பழைய கடிதத்தை மறுபடி திறந்தேன். அந்த வரி முழுசாக இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடியை அதன் மேலேயே வைத்திருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் என் பாட்டுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு இருந்திருப்பேன். போன வாரம் வகுப்புப் பக்கத்தில் கண் பரிசோதனை பற்றி ஓர் அறிவிப்பு. வியாழக்கிழமை என்பது தெரிந்தது. மாலையில் மட்டும் என்பது வாலில் போய்விட்டது. பால்காரம்மா காலையிலேயே பாலை ஊற்றி முடித்துவிட்டு, பரிசோதனை நடக்கிற இடத்தில் பூட்டின கதவு முன்னால் படியில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். மயக்கம் வந்து சாய்ந்துவிட்டாள். எதிர்க்கடைக்காரர் தண்ணீர் தெளித்து வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்று நான் சத்தம் போட்டேன். "எனக்குத்தான் படிப்பு வரலன்னு நெனச்சுட்டேன்" என்றாள். வால் போகிறது என்று தெரிந்தவளே அப்படி நினைத்துவிட்டாள். தெரியாதவர்கள் என்ன நினைப்பார்கள்?

சாரத்தில் ஒரு கழி விரிசல் விட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கி வருகிறவனை நான் அன்றைக்கே வேலையிலிருந்து அனுப்பிவிடுவேன். எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன். இங்கே நானே பார்த்தேன், நானே பேசாமல் இருந்தேன், மற்றவர்களையும் இருக்க வைத்தேன். மருமகளுக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

எனவே குறை இதுதான். மேலாளரிடம் சொல். எங்களுக்கு வரி வேண்டும். ஆனால் பால்காரம்மா படியில் உட்கார்ந்ததையும் சொல்.

நீ கேட்டதற்கு இப்போது பதில். முடியவில்லை என்றால் வேலையை விட்டுவிடு. அதற்காக இங்கே யாரும் உன்னை ஒன்றும் சொல்லப்போவதில்லை, பையனையும் சொல்ல விடமாட்டேன். ஆனால் இதற்கு ஆளே இல்லை என்று நினைத்துக்கொண்டு விடாதே. ஆள் இருந்தோம். வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

கீழ்ப் பாதி சரியாக வரவில்லை. புரிந்துகொள்.

மாமா


மார்ச் 16, ஞாயிறு

அன்புள்ள மாமா,

குட்டிக் குட்டி வரியாக எழுதுகிறேன். வால் போக இடம் இருக்காது. நூலகத்தம்மாவிடம் அச்சடித்தும் தரச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் மன்னியுங்கள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

உங்கள் கடிதம் வந்த அன்றே அலுவலக அலமாரியிலிருந்து ஒரு மலிவான போனை எடுத்தேன். எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்தேன். உங்களுக்கு நான் எழுதிய கடிதத்தைத் திறந்தேன். "இந்த வேலையை." அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெறும் விளிம்பு. என் வாக்கியத்தை நானே பார்க்க முடியவில்லை.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் இளம் கண். எல்லோர் போனிலும் சின்ன எழுத்து. நாங்கள் பெரிய எழுத்தில் சோதித்தோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குப் பெரியதாகத் தோன்றிய அளவு உங்களுக்குப் பாதிகூட இல்லை.

கூட்டத்தில் போனைச் சுற்றி அனுப்பினேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, "இவ்வளவு பெருசா யார் வெப்பாங்க?" என்று கேட்டார். "எங்க மாமா" என்றேன். பிறகு பால்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். மேலாளர் போனை வாங்கி, அந்த வரியைத் தானே விரலால் தள்ளிப் பார்த்தார். ஆள் இருக்கிறார்கள் போலிருக்கிறதே என்றார்.

முடிவைச் சொல்கிறேன். உங்களுக்குப் பிடிக்காது. மாதக் கடைசியில் வசதியை எடுக்கிறோம். அதற்குள் சரி செய்ய முடியாது. எப்போது முறிய வேண்டும், எப்போது கூடாது என்பதை அடியிலிருந்து திரும்ப யோசிக்க வேண்டும். வேறு பிரவுசர்காரர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம் மறுபடி ஒரு சோதனை நடக்கலாம். நடக்காமலும் போகலாம். வால் தொலைகிற வரியை யார் கையிலும் விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. எடுக்கச் சொல்லி எழுதியது நான்தான். ஆளில்லை என்று எழுதவில்லை. குறை இருக்கிறது என்று எழுதினேன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவது என்றால் கதை முடிந்தது.

உங்கள் வரிகள் பழையபடி கண்ட இடத்தில் முறியும். வகுப்பில் எல்லோருக்கும் கஷ்டம். தெரியும்.

வேலையை விடவில்லை. விடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்னும் அலுப்பாகத்தான் இருக்கிறது. உங்கள் பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பாத்திரம் கழுவினார். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இனிமேல் என்னிடம் குறை சொல்லுங்கள் மாமா. வரியைப் பற்றி மட்டும் இல்லை. என்னைப் பற்றியும்.

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 6, ஞாயிறு

அன்புள்ள மருமகளுக்கு,

வரிகள் போய்விட்டன. நீ சொன்ன தேதிக்குச் சரியாகப் போயின. மறுநாள் வகுப்பில் பக்கத்தைத் திறந்தால் வரிகள் பழையபடி கொத்துக்கறி. நூலகத்தம்மா எல்லோருக்கும் ஆளுக்கு ஓர் அட்டைத் துண்டு கொடுத்தார். படிக்கிற வரிக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் வைத்துப் படிக்கிறேன். முன்பு ஒரு நாளில் படித்ததை இப்போது வாரம் முழுக்கப் படிக்கிறேன். வால் இருக்கிறது, அது ஓர் ஆறுதல். தலையைத் தேடிப்பிடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

விசில் வகுப்புக்கு வருவதில்லை. வாசலில் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை சொல்லியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "எடுக்கிறதுக்கா கொடுத்தாங்க?" என்று கேட்டான். ஆமாம், அதற்குத்தான் கொடுத்தார்கள் என்று சாரத்துக் கதை எல்லாம் சொன்னேன். அவனுக்கு ஏறவில்லை. கதையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பால்காரம்மா மட்டும் வருகிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னைவிட வேகமாகப் படிக்கிறாள், அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

குறை சொல்லச் சொல்லியிருந்தாய். இரண்டு வாரமாக யோசித்து வைத்திருக்கிறேன். பழக்கமில்லாத வேலை, ஆனால் ஆரம்பித்தால் நன்றாகத்தான் வருகிறது.

முதல் குறை உங்கள் கம்பெனிக்கு. சோதனை எப்போது முடியும் என்பதைப் பக்கம் செய்கிறவரிடம் சொன்னீர்கள். நூலகத்தம்மாவிடம் சொன்னீர்கள். படிக்கிறவனிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு நீ எழுதியதால் தெரியும். விசிலுக்கு யார் எழுதினார்கள்? பிரிக்கப் போகும்போது நாங்கள் மேஸ்திரிக்கும் சொல்வோம், மேலே நிற்கிறவனுக்கும் குரல் கொடுப்போம். அடுத்த தடவை என்று ஒன்று வந்தால் இதை எங்கேயாவது எழுதிவை. உன் மேலாளர் இதற்கு என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இனி உனக்கு.

நீ போடுகிற டீ நன்றாக இல்லை. இங்கே வந்திருந்தபோதெல்லாம் காலையில் முதல் ஆளாக எழுந்து போட்டுக் கொடுப்பாய். வெந்நீரில் நிறம் போட்ட மாதிரி இருக்கும். நான் "ஆகா" என்று குடித்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய்விடுவேன். காலையில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு போனதெல்லாம் அதற்குத்தான். மாமாவுக்கு எவ்வளவு சுறுசுறுப்பு என்று நீ பையனிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

போனில் நீ என்னிடம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, தூங்கினீர்களா. ஆஸ்பத்திரியில் படுக்கை பக்கத்தில் வந்து கேட்கிற மாதிரி, மெதுவாக, சத்தமாக. நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பேன், நீ வைத்துவிடுவாய். நீ வேலையை விட நினைத்ததைப் போனில் சொல்ல முடியவில்லை, தாளில்தான் சொல்ல முடிந்தது. எனக்கும் அப்படித்தான். அப்படியானால் அந்தப் போன் எதற்கு?

அந்தக் கேள்விக்கு நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய். சரி. ஆனால் இன்னும் தைக்கிறது. படிக்கக் கற்றுக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகிறது அம்மா. இன்னும் நானே சில நேரம் நம்புவதில்லை, இது என் கண்தானா, என் வாய்தானா என்று. அந்த இடத்தில் போய்க் கேட்டுவிட்டாய். ஆறிவிடும். ஆறிய பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். நூலகத்தம்மா எட்டிப் பார்த்து, எதுக்கு முகம் இவ்வளவு சிவந்திருக்கு என்று கேட்டார். மருமகளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நல்லா அழுத்தி எழுதுங்க, பேனா நழுவாது என்றார். அது உண்மைதான். இந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லை, பார்.

நீயும் எழுது. எனக்கு மட்டும் குறை இல்லாமலா இருக்கும்? குட்டி வரியாக எழுத வேண்டாம், பெரிய எழுத்தில் அச்சடித்து வாங்கிக்கொள்கிறேன்.

உன்னைப் பற்றி இன்னும் மிச்சம் இருக்கிறது. நீ வாங்கி அனுப்பிய சட்டை, பையனுக்கு நீ கொடுக்கிற இடம், என் பிறந்தநாளைத் தப்பான தேதியில் கொண்டாடுவது. விரல் மரத்துப்போய்விட்டது. அதையெல்லாம் அடுத்த ஞாயிறு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமா